வீட்டுமொழியும் விசாவும்: மேற்கு சிட்னியின் இந்தியக் குடும்பங்கள்

ஆஸ்திரேலியாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி ஏதும் புழங்குகிறதா என்று அதில் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே கேட்கிறார்கள். 2016 வரை 'பேசுகிறாரா' என்றிருந்த கேள்வியை, சைகை மொழியில் உரையாடுகிறவர்களும் விடுபடக் கூடாது என்று 2021-இல் 'பயன்படுத்துகிறாரா' என மாற்றினார்கள். ஆளுக்கு ஒரு பதில்தான் சொல்லலாம். இரண்டு மூன்று மொழிகள் புழங்கும் வீடாக இருந்தால், ஆங்கிலம் நீங்கலாக எது அதிகமோ அதை மட்டும் எழுத வேண்டும்.

அந்த ஒற்றைப் பதில்களைக் கூட்டித்தான் நாம் பெருமையோடு பகிர்ந்துகொள்ளும் எண்கள் வருகின்றன. 2021 கணக்குப்படி ஆஸ்திரேலிய வீடுகளில் பஞ்சாபி பேசுவோர் 2,39,033 பேர், இந்தி 1,97,132, தமிழ் 95,404, குஜராத்தி 81,334, மலையாளம் 78,738, தெலுங்கு 59,400. ஐந்தாண்டுக்கு முன் பஞ்சாபி 1,32,496 ஆகவும் தமிழ் 73,161 ஆகவும் தெலுங்கு 34,435 ஆகவும் இருந்தன. இந்த எண்கள் வெளிவந்தபோது நம்மவர்களின் கொண்டாட்டங்களில் இவை மேடைதோறும் ஒலித்தன. தமிழ் வளர்கிறது, தெலுங்கு வளர்கிறது என்றார்கள்.

இந்தக் கூட்டுத்தொகைகள் சொல்வது பெரும்பாலும் விமானத்தில் வந்து இறங்கியவர்களின் கணக்குத்தான். இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்வோர் 2011-இல் 2,95,362 பேர், 2016-இல் 4,55,389, 2021-இல் 6,73,352. ஆட்கள் பெருகினார்கள், அவர்களோடு மொழியும் வந்தது. வந்த மொழி அடுத்த தலைமுறையின் வாயில் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கான விடையைப் படிவத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. அந்த வீடுகளில் பிற்பகல் மூன்று மணிக்கு யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சிட்னியின் மேற்கு ரயில் தடத்தில் பாரமட்டாவைத் தாண்டினால் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று நிலையங்கள் வரிசையாக வரும். பாரமட்டாவுக்கு ஒரு நிலையம் முன்னால் ஹாரிஸ் பார்க். ஒரு காலத்தில் லெபனானியர்களின் பகுதியாக இருந்த இடம் அது. மாரோனைட் கிறித்தவர்களின் பெரிய தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. இன்று அந்தச் சிறு புறநகரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். விக்ரம் தெருவில் சாட் கடைகளும் தோசைக் கடைகளும் தோளோடு தோள் நிற்கின்றன. 'லிட்டில் இந்தியா' என்று பெயர் பெற்ற இந்த இடத்தில் காதில் அதிகம் விழுவது குஜராத்தி. அங்கிருந்து வடமேற்கே கிளென்வுட் பக்கம் போனால் குருத்வாராவைச் சுற்றிப் பஞ்சாபி. பெண்டில் ஹில், கிர்ராவீன், டூங்காபிப் பக்கம் தமிழ். அங்குள்ள மளிகைக் கடைகளில் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் தமிழ்நாட்டு சாம்பார்ப் பொடியும் ஒரே அடுக்கில் இருக்கும். மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது. கிர்ராவீனில் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று உண்டு. மேற்கு சிட்னியில் வீடு பார்க்கும் இந்தியப் பெற்றோர் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று விசாரிப்பதற்கு முன்பே இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள்.

ஆக, 'இந்தியக் குடியேறிகள்' என்று ஒரே மூச்சில் சொல்கிற கூட்டம் தெருவுக்குத் தெரு வேறு மொழி பேசுகிறது. அதற்குள்ளேயும் அடுக்குகள் உண்டு. மதுரையிலிருந்து வந்த சௌராஷ்டிரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவும் பாட்டியும் தங்களுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள். கணவனும் மனைவியும் பாதிக்குப் பாதி தமிழ். படிவம் வந்தால் 'தமிழ்' என்று எழுதிவிடுவார்கள். கோயம்புத்தூர்த் தெலுங்குக் குடும்பமும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பமும் இப்படித்தான். சிட்னியின் லிவர்பூல் பக்கம் வாழும் ஃபிஜி இந்தியர்களின் கதை இன்னும் ஆழமானது. கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்கள் 1903 முதல் ஃபிஜிக்குப் போனார்கள். அங்கே ஏற்கனவே வேரூன்றியிருந்த ஃபிஜி இந்திதான் அவர்கள் பேரப்பிள்ளைகளின் தாய்மொழியாயிற்று. 1987 இராணுவப் புரட்சிக்குப் பின் சிட்னிக்கு வந்த அந்தக் குடும்பங்களில் பெயர் முனுசாமியாகவோ கோவிந்தம்மாளாகவோ இருக்கும், வீட்டில் பேசுவது இந்தியாக இருக்கும். இந்தியாவில் பிறந்து 'ஆங்கிலம் மட்டும்' என்று எழுதும் இன்னொரு கூட்டமும் உண்டு. 1947-இல் 'மனூரா' என்ற கப்பல் பம்பாயிலிருந்து ஆங்கிலோ இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ஃப்ரீமேண்டில் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பிந்தைய பல ஆண்டுகளிலும் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களின் தாய்மொழியே ஆங்கிலம். அவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு, இந்தியர்கள் தம் மொழியை விட்டுவிட்டார்கள் என்று சொல்வது தவறாகும்.

இந்தியக் கணக்கெடுப்பு இந்த விஷயத்தில் தாராளமானது. தாய்மொழியைக் கேட்டுவிட்டு, தெரிந்த வேறு இரு மொழிகளையும் கேட்கிறது. 2011-இல் நாட்டில் கால்வாசிப் பேருக்கு மேல் குறைந்தது இரண்டு மொழிகள் அறிந்தவர்கள் என்று நமக்குத் தெரிந்ததே அதனால்தான். அங்கும் குறைகள் உண்டு: ஐந்து கோடிப் பேர் பேசும் போஜ்புரி இந்திக்குள் அடக்கப்படுகிறது, மதுரையின் சௌராஷ்டிரம் குஜராத்திக்குக் கீழே போய்ச் சேர்கிறது. ஆனாலும் ஒரே மனிதரிடம் பல மொழிகள் இருக்கும் என்பதை அந்தப் படிவம் ஒப்புக்கொள்கிறது. அதே மனிதர் விமானம் ஏறிச் சிட்னிக்கு வந்ததும் அவருக்கு ஒரே ஒரு கட்டம்தான் மிஞ்சுகிறது.

கணக்கெடுப்பு எண்களை வைத்து மொழி இழப்பை அளக்கக் கற்றுத் தந்தவர்களில் முக்கியமானவர் மொழியியலாளர் மைக்கேல் கிளைன். அவரும் சாண்ட்ரா கிப்பும் சேர்ந்து செய்த வேலையின் அடிப்படை எளிமையானது. ஒரு நாட்டில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுகிறார்கள் என்று பார்ப்பது. பிறகு அவர்கள் பிள்ளைகளிடம் அதையே பார்ப்பது. 1996 கணக்கில் நெதர்லாந்தில் பிறந்தவர்களில் 61.9 விழுக்காட்டினர் ஆங்கிலம் மட்டும் பேசினார்கள். கிரேக்கத்தில் பிறந்தவர்களில் அப்படிப் பேசியவர்கள் 6.4 விழுக்காடுதான். இரு கூட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நாட்டுக்கு வந்தவை. ஆகவே மொழி கரைவது இயற்கை, தடுக்க முடியாதது என்று கையை விரிப்பதற்கு இடமில்லை. ஏதோ ஒன்று அதைக் கரைக்கிறது, ஏதோ ஒன்று தாங்கிப் பிடிக்கிறது.

இத்தாலியர்களையும் கிரேக்கர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். 2021-இல் தம் முன்னோர் இத்தாலியர் என்றவர்கள் 11,08,364 பேர். வீட்டில் இத்தாலியன் பேசுவோர் 2,28,042. முன்னோர் கிரேக்கர் என்றவர்கள் 4,24,750 பேர்; வீட்டில் கிரேக்கம் பேசுவோர் 2,29,643. இத்தாலியர்களில் பாதிகூட இல்லாத கிரேக்கர்கள் மொழியில் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். வேற்றினத் திருமணம் இத்தாலியர்களிடம் கூடுதல், அவர்களின் குடியேற்றமும் சற்று முந்தையது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டும் காரணங்கள் இரண்டு. கிரேக்க மரபுவழித் திருச்சபை கிரேக்க மொழியில் நடந்தது. இத்தாலியர்கள் போன கத்தோலிக்கத் தேவாலயம் ஆங்கிலத்தில் நடந்தது. அடுத்தது நமக்கு நெருக்கமானது. இத்தாலியர்கள் வீட்டில் பேசியது சிசிலியன், கலாப்ரியன், வெனிசியன் போன்ற வட்டார மொழிகள். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்தது ஏட்டு இத்தாலியன். வகுப்பில் கற்றதை வீட்டில் பேச முடியவில்லை, வீட்டில் பேசியதை வகுப்பில் மதிக்கவில்லை. புதிய ஆட்கள் வருவது 1970-களில் வடிந்ததும் எண் இறங்கத் தொடங்கியது. 2001-இல் 3,53,605 ஆக இருந்த இத்தாலியன் இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்துவிட்டது.

தமிழின் எண்ணும் தெலுங்கின் எண்ணும் இன்று ஏறுவதைப் பார்த்து மகிழ்கிறவர்கள், 1960-களில் இத்தாலியனும் இப்படித்தான் ஏறியது என்பதை மறக்கக் கூடாது.

இந்தியக் குடியேறிகள் இவர்களிடமிருந்து வேறுபடுகிற இடம் ஒன்று உண்டு. என் பார்வையில் அதுவே எல்லாவற்றையும்விடப் பெரியது. மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் வந்த கிரேக்க, இத்தாலியக் கிராமத்தார் பெரும்பாலும் ஆங்கிலம் அறியாமல் வந்தார்கள். அவர்கள் வீட்டில் தாய்மொழி பேசியது பற்றினால் மட்டும் அன்று, வேறு வழி இல்லாததாலும்தான். இன்று மேற்கு சிட்னிக்கு வரும் இந்தியர்களோ ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

இதற்கு நீண்ட பின்கதை உண்டு. 1901-இல் ஆஸ்திரேலியா கூட்டாட்சியாக உருவான கையோடு குடியேற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிறத்தைச் சொல்லி விலக்காமல், ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லும் தேர்வு வைத்து விலக்கினார்கள். எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார்; வேண்டாதவர் தோற்கும்படியான மொழியைத் தேர்ந்தெடுப்பார். 1958 வரை அந்தத் தேர்வு சட்டத்தில் இருந்தது. இன்றைய புள்ளி முறையில் நிறத்துக்கு இடமில்லை, மொழிக்கு இடம் இருக்கிறது. திறன்சார் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் ஆங்கிலத் தேர்வில் உயர்நிலை பெற்றால் 20 புள்ளிகள். தமிழ், இந்தி, பஞ்சாபி போன்ற மொழியொன்றில், உரையாடலை இருபுறமும் வாய்மொழியாக மொழிபெயர்த்துக் காட்டும் சமூகமொழித் தேர்வில் தேறினால் 5 புள்ளிகள். அந்த ஐந்துக்காகவே தமிழைத் தூசு தட்டி, வங்கிக் கணக்கு, காப்பீடு, மருத்துவமனை பற்றிய சொற்களை மனப்பாடம் செய்யும் இளைஞர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள், சிட்னியிலும் இருக்கிறார்கள். மொழிக்கு ஐந்து புள்ளியாவது கிடைக்கிறதே என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வடிகட்டலில் தேறி வரும் கணவனும் மனைவியும் ஆங்கில வழியில் படித்தவர்கள். அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே சண்டையிடவும் சமாதானமாகவும் தெரிந்தவர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்துவிடுவதுதான் சிக்கலின் தொடக்கம்.

டூங்காபியில் இப்படிப்பட்ட வீடு ஒன்றை மனக்கண்ணில் நிறுத்துங்கள். அப்பாவுக்கு மென்பொருள் வேலை, அம்மா வெஸ்ட்மீட் மருத்துவமனையில் செவிலியர், மகளுக்கு எட்டு வயது. காலையில் அம்மா, "சீக்கிரம் கெளம்பு, பஸ் போயிடும்" என்பாள். மகள் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே, "ஐ நோ, ஐ நோ" என்பாள். "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" "யெஸ், மா." இருவருக்கும் எதுவும் தடைப்படவில்லை. அம்மா தமிழில் கேட்கிறாள், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், உரையாடல் ஓடுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடும். கணக்கெடுப்புப் படிவத்தில் மூவர் பெயருக்கு நேரேயும் 'தமிழ்' என்று எழுதுவார்கள். பொய்யாகவும் அல்ல; அவர்கள் வீட்டில் தமிழ் ஒலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒருவழிப் பாதையாகிவிட்டது.

இப்போது திருச்சியிலிருந்து பாட்டி வருகிறாள். மூன்று மணிக்குப் பள்ளி விடும் வேளையில் வீட்டில் இருப்பது அவள் மட்டும்தான். "பாட்டி, கேன் ஐ ஹேவ்..." என்று தொடங்கிய பேத்தி நிறுத்திக்கொண்டு, "பாட்டி, எனக்கு அந்த... அந்த முறுக்கு வேணும்" என்கிறாள். "மொதல்ல கைய அலம்பிட்டு வா. முறுக்கு எங்க ஓடிப் போகுது?" "அலம்பிட்டேன்!" "காட்டு பாக்கலாம்." முதல் வாரத்தில் தடுமாறிய வாய் மூன்றாம் மாதத்தில் பாட்டியிடமே கோள் சொல்லத் தொடங்கிவிடும்: "அம்மா என்னத் திட்டினா, நீ கேளு." வினைச்சொற்களுக்கு விகுதி தானாக விழும். பாட்டி ஒன்றும் பாடம் நடத்தவில்லை. அவளிடம் ஆங்கிலம் செல்லாது, அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு மொழி வேண்டுமானால் அந்த மொழி இல்லாமல் நடக்காத ஓர் உறவு வேண்டும்.

இது வெறும் பாச உணர்வில் சொல்வதன்று. அமெரிக்காவில் மூன்று தலைமுறையும் சேர்ந்து வாழும் குடியேறிக் குடும்பங்களை ஆராய்ந்த ஹிரோமி இஷிசாவா, ஆங்கிலம் பேசாத தாத்தா பாட்டி உள்ள வீட்டில் பேரப்பிள்ளைகள் குடும்ப மொழியைப் பேசும் வாய்ப்பு கூடுகிறது என்று 2004-இல் எழுதினார். மொழி மீட்பைப் பற்றி வாழ்நாள் முழுதும் எழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பள்ளி, வானொலி, அரசு அங்கீகாரம் எல்லாம் பின்னால் வருபவை; வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தலைமுறையிலிருந்து தலைமுறைக்கு மொழி கைமாறுவதே அச்சாணி என்றார் அவர்.

அந்தப் பாட்டியை எவ்வளவு காலம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? குடும்பம் முடிவு செய்வதில்லை, விசா முடிவு செய்கிறது. பெற்றோரை நிரந்தரமாக வரவழைக்கக் கட்டணம் குறைந்த விசா ஒன்று இருக்கிறது. அதற்குக் காத்திருப்பு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் என்று அரசே சொல்கிறது. அறுபத்தைந்து வயதில் விண்ணப்பித்த பாட்டிக்குத் தொண்ணூற்றைந்தில் அனுமதி கிடைக்கும். சற்று விரைவான இன்னொரு விசாவுக்குத் தலைக்கு ஏறத்தாழ 48,000 டாலர் கட்ட வேண்டும். அதற்கும் காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டிவிட்டது. இவ்விரண்டுக்கும் குடும்பச் சமநிலைச் சோதனை உண்டு: பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் வாழ வேண்டும், இல்லையேல் வேறு எந்த ஒரு நாட்டையும்விட அதிகம் பேர் ஆஸ்திரேலியாவில் வாழ வேண்டும். மூன்று பிள்ளைகளில் ஒருவர் சென்னையிலும் ஒருவர் டல்லாஸிலும் ஒருவர் சிட்னியிலும் இருந்தால் அந்தக் கதவு மூடியதுதான். 2019-இல் தற்காலிகப் பெற்றோர் விசா ஒன்று வந்தது. தொடக்கத்தில் மூன்றாண்டுக்கு 5,000 டாலர், ஐந்தாண்டுக்கு 10,000 டாலர் என்ற அளவில் கட்டணம் இருந்தது. ஆண்டுக்கு 15,000 பேர் உச்சவரம்பு. மொத்தம் பத்தாண்டுக்கு மேல் தங்க முடியாது. அதிலிருந்து நிரந்தர உரிமைக்கு வழியில்லை. அதுவும் இயலாதவர்கள் பார்வையாளர் விசாவில் வந்து, சில மாதமோ ஓராண்டோ இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பிய பிறகு வாட்ஸ்அப் காணொலி அழைப்பில், "பாட்டி, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கைபேசியை அம்மாவிடம் நீட்டிவிடுவாள் பேத்தி. கோள் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

கணக்கெடுப்பு இங்கே இன்னொரு வகையிலும் கோட்டைவிடுகிறது. ஓராண்டுக்குக் குறைவாகத் தங்க வந்தவர்களை அது வெளிநாட்டுப் பார்வையாளர்கள் என்று பிரித்துவிடும். மொழி அட்டவணைகளில் பெரும்பாலானவை நாட்டில் வழக்கமாக வசிப்பவர்களைப் பற்றியவை. பார்வையாளர்கள் அவற்றில் வரமாட்டார்கள். அந்த வீட்டில் நாள் முழுதும் தமிழ் பேசிக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அந்த எண்ணில் இல்லை. மூன்று மணிக்குப் பேத்தியின் வாயில் தமிழை ஊட்டியவளை விட்டுவிட்டு, ஊட்டியதன் விளைவை மட்டும் எண்ணுகிறார்கள்.

2021 கணக்கெடுப்பு நடந்த ஆகஸ்ட் 10-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் எல்லை 2020 மார்ச்சிலிருந்தே மூடிக் கிடந்தது. பிளாக்டவுன், கம்பர்லேண்ட், பாரமட்டா நகராட்சிப் பகுதிகள் சிட்னியிலேயே கடுமையான ஊரடங்கில் இருந்தன. அன்றிரவு படிவத்தை நிரப்பிய வீடுகளில் பலவற்றுக்குப் பதினேழு மாதங்களாக எந்தத் தாத்தாவும் பாட்டியும் வர முடியவில்லை. பள்ளி, நண்பர்கள், விளையாட்டு எல்லாம் திரைக்குள் அடங்கி ஆங்கிலமே வீட்டுக்குள் புகுந்துகொண்ட காலம் அது. அந்த இரவில் எழுதிய 'தமிழ்' என்ற பதில்களில் எத்தனை பதில்கள் பழைய நினைவில் எழுதியவை என்று எண்ணிப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

வார இறுதிப் பள்ளிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவற்றை நடத்துகிறவர்களை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சிட்னியில் 1970-களிலிருந்தே பெற்றோர் கூடித் தமிழ் வகுப்புகள் நடத்திவருகிறார்கள். வாரம் முழுதும் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் அரசுப் பள்ளிக் கட்டடங்களில் ஊதியம் பாராமல் நின்று 'அ, ஆ' சொல்லித் தருகிறவர்கள் அவர்கள். நியூ சவுத் வேல்ஸ் பாடத்திட்டத்தில் இந்தி, பஞ்சாபியோடு தமிழும் இடம்பெற்றிருக்கிறது; பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். இவையெல்லாம் போராடிப் பெற்றவை. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் மொழியை அறிமுகம் செய்யப் போதும், வாழவைக்கப் போதாது.

இத்தாலியர்களுக்கு நேர்ந்தது நம் வகுப்பறைகளிலும் நேர்கிறது. வீட்டில் "சாப்ட்டேன்" என்று சொல்லும் பிள்ளை வகுப்பில் "உண்டேன்" என்று எழுத வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை வீட்டில் "அவை வருகினம்" என்று கேட்டு வளர்ந்தது. "விளங்கேல்லை" என்றால் சேலத்து ஆசிரியை ஒரு கணம் விழிப்பார். "கதைக்கிறோம்" என்ற பிள்ளையை "பேசுகிறோம்" என்று திருத்தினால், அம்மம்மா பேசுவது தவறான தமிழ் என்று அது எடுத்துக்கொள்ளும். மேற்கு சிட்னியின் தமிழர்களில் 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் பெரும் பகுதி. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அடுத்த அலை. மான்ட்ரியலில் இவ்விரு கூட்டத்தாரையும் ஆராய்ந்த சோனியா தாஸ், எது சரியான தமிழ் என்ற போட்டி அவர்களிடையே எப்படி வேலை செய்கிறது என்பதை 2016-இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். சிட்னி வகுப்பறைகள் அந்தப் போட்டியை உள்ளே விடாமல் இருந்தாலே பாதி வெற்றி. ஒரு பிள்ளை தன் வீட்டுப் பேச்சுடன் வகுப்புக்குள் வரலாம், எழுத்துத் தமிழை அதன்மேல் கட்டலாம் என்று துணிந்து சொல்லும் ஆசிரியர்கள் பெருக வேண்டும்.

சிங்கப்பூர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று; பள்ளிப் பாடமாகப் படிக்கலாம்; செய்தித்தாளும் தொலைக்காட்சியும் உண்டு. அப்படியிருந்தும் 2010-இல் இந்தியர் வீடுகளில் அதிகம் பேசும் மொழிகளின் வரிசையில் ஆங்கிலம் தமிழை முந்திவிட்டது. 2020-இல் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றே சொன்னார்கள். 2005-இல் அமைந்த பாடத்திட்ட ஆய்வுக் குழு, ஏட்டுத் தமிழோடு பேச்சுத் தமிழையும் வகுப்பறைக்குக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அரசாங்கமே பின்னால் நிற்கும் இடத்தில் இந்த நிலை என்றால், பெற்றோரின் வார இறுதி உழைப்பை மட்டும் நம்பியிருக்கும் மேற்கு சிட்னி எவ்வளவு தாங்கும்?

பெற்றோரைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். மேடையேறி, வீட்டில் தமிழ் பேசுங்கள் என்று தாய்மாரை அதட்டுவது நம் விழாக்களில் வழக்கமாகிவிட்டது. லண்டன், டொரான்டோ, கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் ஈழத்தமிழ்க் குடும்பங்களை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா, 2008-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் போக்கைத்தான் கேள்விக்குட்படுத்தினார். வெளியே வேலை, வகுப்பு, மதிப்பு என எல்லாம் வேறொரு மொழிக்குப் போய்க்கொண்டிருக்கையில் குடும்பம் தனியே நின்று மொழியைக் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று என்பது அவர் வாதம். நான் அதை முழுதும் ஏற்கிறேன். இரட்டைப் பணிநேரம் பார்த்துவிட்டு வந்து, பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்லவைக்க எந்தத் தாய்க்குத் தெம்பிருக்கும்?

ஆகவே நம் சங்கங்கள் பேச வேண்டிய இடம் வேறு. பெற்றோர் விசாவின் காத்திருப்பையும் கட்டணத்தையும் குடும்பச் சோகமாக மட்டும் பேசுகிறோம். அதைப் பிள்ளைகளின் மொழி உரிமையாகவும் பேச வேண்டும். 1987-இலேயே தேசிய மொழிக் கொள்கை வகுத்து, குடியேறிகளின் மொழிகள் நாட்டின் செல்வம் என்று அறிவித்தது ஆஸ்திரேலிய அரசு. அந்தச் செல்வத்தைச் செலவின்றிக் கைமாற்றும் தாத்தா பாட்டிகளை முப்பது ஆண்டு வரிசையில் நிறுத்தியிருப்பது அந்தக் கொள்கைக்கே முரண். தமிழர், தெலுங்கர், பஞ்சாபியர், மலையாளிகள் சேர்ந்து வைக்கக்கூடிய கோரிக்கை இது. மொழிவாரியாகப் பிரிந்து விழா நடத்தும் நாம் இதிலாவது ஒரே குரலில் பேசலாம். அரசு அசையும்வரை, உள்ளூரில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட முதியோரைப் பள்ளிவிட்ட நேரத்தில் பிள்ளைகளோடு உட்காரவைக்கும் ஏற்பாட்டைக் கோயில்களும் சங்கங்களும் செய்யலாம். கட்டடம் இருக்கிறது, முதியோர் இருக்கிறார்கள், தனிமையும் இருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பு 2026 ஆகஸ்டில். மேற்கு சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுத் தலைவர் உட்கார்ந்து எல்லார் பெயருக்கு நேரேயும் ஒரே பதிலை எழுதிவிட வேண்டாம். பிள்ளையின் வரிசை வரும்போது பேனாவை நிறுத்திவிட்டு, கடந்த ஒரு வாரத்தில் அது தமிழில் யாரிடம் பேசியது என்று யோசியுங்கள். முடிவு வெளியானதும் மொத்த எண்ணைக் கொண்டாடுவதற்கு முன், தமிழ் பேசுவோரில் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்ற அட்டவணையைத் தேடி எடுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் விவாதிக்க வேண்டிய எண் அதுதான்.